தரைக்குப் பவுடர் போட்ட கேதரின்

மலேசியாவில், செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது, சட்டி அடுப்பில் ஏறுமுன்பே புஷ்பவள்ளிக்குத் தெரிந்துவிடும். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணியின் மனைவி அவள். போதாததற்கு, அவள் சமையலறைச் சன்னல் நேராக டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்திருந்தது. வெள்ளைக்காரத் துரை கப்பலேறிய பிறகு அந்தச் சிமெண்டுத் தரையில் காக்கைகள்தான் ஆடின. அப்படியிருக்க, எழுபத்தெட்டில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்த கேதரின், பெரிய கிராணி அந்தோணிதாஸிடமிருந்து கோர்ட்டுச் சாவியை வாங்கிவிட்டாள் என்றால் புஷ்பவள்ளிக்கு எப்படிச் சோறு இறங்கும்?

ஆட்டமாவது ஊர் உலகத்து ஆட்டமா? டென்னிஸும் இல்லை, பூப்பந்தும் இல்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில் அறுத்த இரண்டு மட்டை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பிளாஸ்டிக் பந்து. அடித்த அடியில் அது வேலி தாண்டி ரப்பர் மரங்களுக்குள் ஓடுகிறது என்று, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுற்றிலும் ஓட்டை போட்டிருந்தாள் கேதரின். அதற்குப் பிறகு பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. எதிர்ப்பக்கம், ரப்பர்ப் பால் ஸ்டோரில் வேலை பார்க்கும் டக்ளஸ். மாலை ஐந்தானால் டொக், டொக், டொக்.

"என்னா கேதரின், தோசை திருப்புறியா?" என்று சன்னலிலிருந்தே கேட்பாள் புஷ்பவள்ளி.

"ஆமாக்கா. வந்து நீங்களும் ஒண்ணு திருப்புங்களேன்!"

"எனக்கு வேற வேல இல்லியா?" என்பாள். ஆனால் ஆட்டம் முடியும்வரை சன்னலை விட்டு நகரமாட்டாள்.

ஓட்டைப் பந்துக்கு டென்னிஸ் கோர்ட் ரொம்பப் பெரிது. உள்ளே சின்னதாக ஒரு கட்டம் வேண்டும். சாக்கட்டியால் கோடு போட்டார்கள். மாலை மழை கழுவிவிட்டது. கோலமாவில் போட்டார்கள், எறும்பு வந்தது, எறும்பைத் தேடி பக்கத்து வீட்டு மருதம்மாளின் கோழிகள் வந்தன. கோடில்லாமல் ஆடினால் ஒவ்வொரு பந்துக்கும் பஞ்சாயத்து. சாயம் பூசவும் வழியில்லை. சாவி கொடுத்த அன்றே அந்தோணிதாஸ் சொல்லியிருந்தார்: "தரையில ஒரு கீறல், ஒரு சொட்டுச் சாயம் விழுந்தாலும் சாவி என் கைக்கு வந்துடணும். புதுத் துரை கேட்டா என் தலைதான் உருளும்."

ஒரு சனிக்கிழமை நடுப்பகல். புஷ்பவள்ளி மீன் பொரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கேதரின் குனிந்தபடி பின்னால் நடந்து, டப்பாவிலிருந்து முகப்பவுடரைத் தரையில் கோடாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் கொட்டிய தடத்தின் மேலேயே டக்ளஸ் பிரஷ்ஷால் வெள்ளையாக எதையோ பூசிக்கொண்டு வந்தான்.

மீன் கருகியது. அது கிடக்கட்டும், சேதி கருகக் கூடாதே! ஒரு கட்டி வெல்லம் வாங்கும் சாக்கில் தோட்டத்துக் கடைக்கு ஓடினாள். "தரைக்குப் பவுடர் போட்டு, மேலே சாயமும் அடிக்கிறாங்க, கேட்டீங்களா?" நாலு மணிக்குச் சேதி அந்தோணிதாஸின் காதுக்குப் போனபோது சாயம் இரண்டு டின்னாகப் பெருகியிருந்தது.

அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கொடியில் துணி எடுக்க வந்தவள் போல புஷ்பவள்ளியும் வேலியோரம் வந்து நின்றாள். வெள்ளையாகப் பூசிய கோடு வெயிலில் காய்ந்து தேன் நிறத்துக்கு வந்திருந்தது.

"சாவியக் குடு," என்றார். கையை நீட்டினார்.

கேதரினின் முகம் விழுந்தது. அப்போதுதான் புஷ்பவள்ளிக்குச் சுருக்கென்றது. கேட்டைப் பூட்டிவிட்டால் நாளைக்கு ஐந்து மணிக்கு எதைப் பார்ப்பது, காக்கையையா?

"ஒரு நிமிசம் அங்கிள்," என்று கேதரின் மூலையில் குந்தினாள். கோட்டின் முனையை நகத்தால் கிளப்பி இழுத்தாள். சர்ரென்று உரிந்தது. பாம்புச் சட்டை போல, ஒரே இழுப்பில், அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது கோடு.

"கித்தா மரத்துப் பால்தாண்ணே," என்றான் டக்ளஸ். "வாளியில ஒட்டிக் கிடந்தது. கழுவி ஊத்துறதுதான்."

"தரையில ஒட்டிக்கக் கூடாதுன்னுதான் அடியில பவுடர்," என்றாள் கேதரின். "கையுறைக்குள்ள போடுறோம்ல, அந்த மாதிரி."

அந்தோணிதாஸ் குனிந்து ஊதினார். பவுடர் பறந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். துரை காலத்தில்கூட அந்தத் தரை அவ்வளவு மணத்ததில்லை. கீழே கிடந்த மட்டையை எடுத்து, துரையோடு ஆடிய பழைய கெத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பந்து பாதி வழியில் சோம்பல் முறித்து நடுவில் கட்டிய வலைக்கு முன்பே விழுந்தது.

"மெதுவா அங்கிள். தோசைதான்."

மூன்றாவது பந்து தாண்டியது. அவர் சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டார். "ஆடுங்க. ஆனா பூட்டுறதுக்கு முன்னால கோட்டை உரிச்சிடணும். தினமும்."

அவர் போனதும் கேதரின் உரித்த கோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராக வேலிக்கு வந்தாள். சேதி எந்தச் சன்னல் வழியாகப் போனது என்று அவளுக்கா தெரியாது?

"அக்கா, உள்ள இன்னும் ஈரம், இதக் காயப்போட்டாத் திரும்ப விரிச்சுக்கலாம். உங்க கொடிதான் பக்கம்."

புஷ்பவள்ளி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவள் கொடியில் சேலைக்குப் பதிலாகக் கோடுகள் தொங்கின. காயும் பாலின் நாற்றம் தொழிலாளர் லயம்வரை எட்டியது. லயத்துப் பாப்பம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "என்னாடி வள்ளி, உன் வீட்டுல பெருச்சாளி செத்துப் போச்சா?" என்றாள்.

"பெருச்சாளியா? வாயக் கழுவு!" என்று சீறினாள் புஷ்பவள்ளி. "அது எங்க கோர்ட்டுக் கோடு. பாலைக் காய வெச்சுக் கோடாக்குற மூளை இந்த ஜில்லாவுல எவளுக்குடி இருக்கு? தள்ளி நில்லு, நெழலு விழுது!"