அரை அந்தர் கல்

1934ஆம் ஆண்டு ரமழான் நோன்பு டிசம்பரில், நத்தார் என்னும் கிறிஸ்துமஸை ஒட்டி வந்தது. கண்டியில் மழையும் குளிரும் விடாமல் பிடித்திருந்த நேரம். கொழும்பு வீதியில் மஹ்மூத்துக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. குடை திருத்துவார், டென்னிஸ் ரெக்கட்டுக்கு ஆட்டுக்குடல் நரம்பு போடுவார். குடை ஊரில் எல்லோரும் கொண்டுவருவார்கள். ரெக்கட் டென்னிஸ் கிளப்பிலிருந்து மட்டும்தான் வரும். முன்பெல்லாம் கிளப்பார் ரெக்கட்டுகளை ரயிலில் கொழும்புக்கு அனுப்பித்தான் நரம்பு போட்டார்கள். வழக்குப் பேசும் பிரக்கிராசி ஹுஸைன்தான் அங்கே பேசி, அந்த வேலையை மஹ்மூத்துக்கு வாங்கிக் கொடுத்தவர்.

அந்த ஹுஸைனே ஒரு நாள் காலையில் இரண்டு ரெக்கட்டுகளோடு வந்து கதிரையில் உட்காராமல் நின்றார்.

"மஹ்மூத் நானா, இது ரெண்டும் ஒரே ஆள் கட்டினதா?"

"வேற ஆரு சேர்? என்ட கை தான்."

"அப்ப ஒங்கட ரெண்டு கையும் ஒண்டோட ஒண்டு கோவம் போல. இதால அடிச்சா பந்து கோட்டுக்குள்ள விழுது. அதே அடிய மத்ததால அடிச்சா வலையில போய்ப் படுத்துக்கொள்ளுது."

மஹ்மூத் இரண்டையும் வாங்கி நரம்பை விரலால் தட்டிப் பார்த்தார். ஒன்று ணங் என்றது. மற்றது ணொங் என்றது. அவருக்குக் காது சுட்டது.

"நத்தார் போட்டிக்கு ஆறு ரெக்கட் ஒங்கள்ட்ட அனுப்புறோம்" என்றார் ஹுஸைன். "ஆடக்குள்ள நரம்பு அறுந்தா ஒடனே மத்தத எடுக்கணும். எடுத்த ரெக்கட்ட புதுசா பழகிக்கொண்டு நிக்க ஏலுமா? ஆறும் ஒரே மாதிரி ஈந்தா வேல ஒங்கள்ட்டயே ஈக்கும். இல்லாட்டி திரும்பவும் கொழும்புக்குத்தான். அதுக்குப் பொறகு நான் ஒங்களுக்காக வாய் தொறக்க ஏலா."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மஹ்மூத்துக்குக் கூடுதலாக வலித்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி ஸுலைஹா நோன்புக் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். மஹ்மூத் ரெக்கட்டுகளைக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

"சிவப்பு நூல் சுத்தினது காலைல கட்டின. நீல நூல் பின்னேரம். நோன்பு தானே, பின்னேரமாகக்குள்ள கை தளந்து போகுது. அதான்."

ஸுலைஹா ஈரக்கையைத் துடைத்துவிட்டு இரண்டையும் தட்டினார்.

"இஞ்ச பாருங்க, தளந்து ஈக்கியது சிவப்பு. நீலம்தான் கம்பி மாதிரி."

மஹ்மூத் திரும்பவும் தட்டிப் பார்த்தார். மனைவி சொன்னதுதான் சரி.

"அதெப்படி? பின்னேரம் எனக்குக் கைல உசிரே இல்லியே."

"இல்லாததால தான்!" ஸுலைஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நோன்பாளிட வேல தளர்வுன்னு ஆரும் சொல்லிடுவாங்கன்னு பின்னேரமானா மேசைல கால ஊண்டிக்கொண்டு இழுக்கிறீங்க. மூக்கெல்லாம் செவந்து போகுது. நான் ஜன்னலால பாத்துக்கொண்டு தானே ஈக்கிறன்."

மஹ்மூத்தின் முறை இதுதான்: நரம்பை ஒரு கட்டைத் துண்டில் சுற்றி, உடம்பைச் சாய்த்து இழுப்பார். போதும் என்று கை சொன்னதும் ஓட்டைக்குள் குத்தூசியைச் செருகி நரம்பை நிறுத்துவார். இத்தனை காலமும் கை சொன்னதைத்தான் நம்பியிருந்தார்.

அன்று பின்னேரம் கவனமாக, மெதுவாக இழுத்து ஒரு ரெக்கட்டைக் கட்டினார். ணொங் கூட வரவில்லை. பழைய பாய்போல் தொப்பென்றது. எல்லா நரம்பையும் அறுத்தெறிந்தார். காலையில் மட்டும் கட்டலாம் என்றால் ஆறு ரெக்கட் போட்டிக்குள் முடியாது.

மறுநாள் காலை பக்கத்து அரிசிக் கடையில் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் வீரையா இரும்புப் படிக்கல்லைத் தூக்கித் தராசுத் தட்டில் வைத்தார். அரை அந்தர் கல், ஐம்பத்தாறு றாத்தல். சங்கிலி விறைத்து நின்றது. மூட்டையை இறக்கி அடுத்த மூட்டையை ஏற்றினார்கள். திரும்பவும் அதே கல், அதே விறைப்பு. மஹ்மூத் குடையொன்றைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னா நானா, அரிசியா? சம்பா வந்திருக்கு."

"அரிசி வாணாம் மொதலாளி. அந்தக் கல்லத் தாங்க."

"கல்லையா? நத்தாரும் நோன்பும் ஒண்ணா வந்திருக்கு, சனம் வரிசைல நிக்குது. கல்லக் குடுத்துட்டு நான் கண்ணால நிறுக்கவா?"

மஹ்மூத் விஷயத்தைச் சொன்னார். வீரையா தாடையைச் சொறிந்தார்.

"மத்தியானம் சோத்துக்குக் கடைய சாத்துவேன். அந்த நேரம் இங்கயே வந்து செய்ங்க. கல்லு மட்டும் வெளிய போகாது. ஒங்களுக்குத்தான் இப்ப மத்தியானச் சோறு கெடையாதே."

"அதச் சொல்லிக் காட்டாம ஈக்க ஒங்களுக்கு ஏலாது தானே."

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு மஹ்மூத் சாமான்களோடு போனார். ரெக்கட்டின் தலையை அரிசிக் கடை மேசையில் இறுக்கினார். இழுவையில் வட்டம் நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தார். மேசை விளிம்பில் ஒரு கப்பி. நரம்பு கப்பிமேல் போய்க் கீழே தொங்கும், அதன் நுனியில் கல். கல் தரையை விட்டு எழும்பித் தொங்கினால் இழுவை சரி. அப்போது குத்தூசியைச் செருகிவிட்டு அடுத்த நரம்புக்குப் போகலாம். கை எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

கல்லை மாட்டித் தொங்கவிட்டார். நரம்பு படீரென்று அறுந்தது. கல் தரையில் விழுந்து கடையே அதிர்ந்தது.

வீரையா சோற்றுக்குப் போகாமல் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, கல்ல இப்பிடியா போடுவாங்க? தள்ளுங்க. தட்டுல கல் வைக்கிற கைங்க இது."

அவர் கல்லைக் கீழிருந்து தாங்கிப் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவர்போல மெதுவாகப் பாரத்தை நரம்புக்கு விட்டார். கல் ஆடாமல் தொங்கியது. மஹ்மூத் குத்தூசியைச் செருகினார். நடு நரம்பில் தொடங்கி இடம் ஒன்று, வலம் ஒன்று என்று வெளிப்பக்கம் போனார்கள். குறுக்கு நரம்புக்கு மெழுகு தடவி, பின்னி, கோணல் எடுத்த பிறகே கல். ஒருவர் ஊசி, ஒருவர் கல் என்று ஆனதும் வேலையும் முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது.

வீரையாவின் மனைவி பாப்பம்மா சோற்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"சோறு ஆறிப்போச்சு. நோம்பு அவருக்கா ஒங்களுக்கா?"

"வச்சிட்டுப் போ. பட்டினி கெடக்கிற மனுசன் முன்னால எப்பிடித் திங்கிறது?"

"திங்க மொதலாளி, எனக்குப் பரவாயில்ல" என்றார் மஹ்மூத்.

"சும்மா இருங்க நானா. அடுத்த நரம்ப எடுங்க."

போட்டிக்கு முன்னால் ஆறும் முடிந்தது. ஸுலைஹா வரிசையாகத் தட்டினார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றித் தட்டினார்.

"எது காலைல கட்டின, எது பின்னேரம்?"

"எல்லாம் மத்தியானம்" என்றார் மஹ்மூத்.

"அதான் ஒன்னும் வெளங்கல்ல."

போட்டி முடிந்த பின்னேரம் ஹுஸைன் கடைக்கு வந்தார். மஹ்மூத் எழுந்து நின்றார். வாய் காய்ந்திருந்தது. அது நோன்பால் மட்டும் இல்லை.

"தோத்துட்டேன்" என்றார் ஹுஸைன்.

மஹ்மூத்தின் முகம் தொங்கிப்போனது.

"முழுசாக் கேளுங்க. நடு ஆட்டத்துல நரம்பு அறுந்தது. மத்தத எடுத்து மொதல் பந்தயே அடிச்சேன், கோட்டுல போய் விழுந்தது. எனக்கு மாத்தின நெனப்பே இல்ல. தோத்தது என்ட மூச்சால. எதிர்ல ஆடினவனுக்கு என்னில பாதி வயசு." அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "கிளப்புட ரெக்கட் முழுக்க இனி ஒங்கள்ட்ட தான் வரும். செக்கட்டரி சொல்லிட்டாரு."

பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியது. ஸுலைஹா கஞ்சிக் கோப்பைகளை நீட்டினார். ஹுஸைனுக்கு ஒன்று, பக்கத்துக் கடை வீரையாவுக்கும் ஒன்று. வீரையா பாங்கு கேட்கும்வரை கோப்பையைத் தொடாமல் காத்திருந்து, பிறகு ஊதி ஊதிக் குடித்தார். அவருக்கு ஒரு யோசனை.

"நானா, பெருநாளைக்குப் பொறகு நீங்களும் மத்தியானம் சோறு திம்பீங்களே. அப்ப ரெக்கட்ட எப்பக் கட்டுறது?"

மஹ்மூத் இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

உள்ளேயிருந்து ஸுலைஹா சொன்னார்: "பாப்பம்மாட்ட கேட்டுட்டேன். ரெண்டு பேருக்கும் சோறு அரிசிக் கடைக்கே வரும். கட்டி முடிச்சிட்டுத் தின்னுங்க."