பூட்டை இளக்கும் வயது

...பெருவிரல் பனிச்சறுக்குச் சப்பாத்தின் முன்பக்கத்தை மெல்லத் தொடவேண்டும், முழங்காலை மடித்தால் விலகவேண்டும், அதுதான் சரியான அளவு என்று கடைக்காரப் பெண்மணி சொன்னாள், தொடுகிறது, மடித்தால் விலகுகிறது, எல்லாம் சரி, ஆனால் இந்தக் கனத்தோடு மனிதர் எப்படி நடப்பது, இரண்டு காலுக்கும் சீமெந்து ஊற்றி இறுகவிட்ட மாதிரி... மேரிகிறேஸ் எழும்பி இரண்டடி வைத்துப் பார்த்தாள். தலைக்கவசங்கள் அடுக்கியிருந்த பக்கமிருந்து மகள் டிலக்ஷி டெனிஸில் "மோர், ஸ்லப் அவ்" என்றாள், அம்மா பதறாதேங்கோ என்று. பதறாமல் என்ன செய்வது, டென்மார்க்கில் இந்தச் சில்க்போர்க்கில் இருபத்தைந்து வருடம் இருந்தும் ஏறிய ஒரே மலை பக்கத்திலிருக்கும் வானமலை, பேர்தான் அப்படி, உயரம் நூற்றைம்பது மீற்றர்கூட இல்லை. பனிச்சறுக்கு விடுமுறையைப் பற்றி டிலக்ஷி ஐப்பசியிலேயே பட்டியல் போட்டுவிட்டாள், வருடத்தின் ஏழாம் கிழமை, வெள்ளி பின்னேரம் பஸ், விடிய ஒஸ்திரியா, ஆறு நாளைக்கு மலையேற்றிவிடும் லிஃப்டுக்கு அட்டை, முதல் மூன்று நாளும் ஆரம்பக்காரர் வகுப்பு. அந்தப் பட்டியலின் அடியில் அவள் தகப்பன் கிறிஸ்துராஜா பென்சிலால் இரண்டு வரி சேர்த்திருந்தார், ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள். அல்ப்ஸ் மலைக்கு ரைஸ் குக்கரோ என்று மகள் சிரிக்க, "மலையிலை ஏறினாலும் வயிறு இஞ்சைதானே பிள்ளை இருக்குது" என்றார் அவர்.

பனியில் சறுக்குகிற கட்டை எவ்வளவு நீளம், நிமிர்த்தி வைத்தால் நாடிவரை வந்தால் போதுமாம், புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் குறுகியதுதான் நல்லதாம், இதெல்லாம் விளங்குகிறது. விளங்காமல் போனது அந்தப் பூட்டு, சப்பாத்தைக் கட்டையோடு கவ்விப் பிடிக்கிற பூட்டு. பெண்மணி அதைத் திருப்பிக் காட்டினாள், சின்னச் சாளரம், உள்ளே எண்கள், விழுந்தால் இது காலை விட்டுவிடவேண்டும், விடாவிட்டால் கட்டை ஒரு பக்கம் திரும்ப முழங்கால் மறுபக்கம் திரும்பும், நிறை, உயரம், சப்பாத்து அளவு, பழக்கம், வயது, இந்த ஐந்தையும் அட்டவணையில் பார்த்துத்தான் எண் வைப்போம், ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் ஒரு படி இளக்குவோம், எலும்பு முந்திய மாதிரி இருக்காதே. முதியோர் இல்லத்தில் அவள் ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தூக்கி இருத்துகிறாள், தொடையெலும்பு உடைந்து வந்தவர்கள் எத்தனை பேர், எழும்பாமலே போனவர்கள் எத்தனை பேர், முழங்கால் போனால் அவளுக்கு வேலை போனது மாதிரி...

ஐம்பதும் அதற்கு மேலும். கடதாசிப்படி அவளுக்கு நாற்பத்தெட்டு. மெய்யாக ஐம்பத்திரண்டு. இடம்பெயர்வில் பத்திரமெல்லாம் போய்விட, கலியாணம் பேசின தமையன் சூசைதாசன்தான் புதுப் பதிவு எடுத்தவர், டென்மார்க் மாப்பிள்ளை அவளைவிட இரண்டு வயது இளையவர் என்று தெரிந்ததும், நாளையும் மாதத்தையும் அப்படியே விட்டு பிறந்த வருடத்தில் மட்டும் நாலைக் கூட்டிவிட்டார். "நாலு வருசம்தானே தங்கச்சி, ஆர் இருந்து எண்ணப்போகினம்?" அவர் சொன்னது சரிதான், ஒருவரும் எண்ணவில்லை, கிறிஸ்துராஜாவும் எண்ணவில்லை. முதல் வருடம் சொல்லியிருக்கலாம், இரண்டாம் வருடமும் சொல்லியிருக்கலாம், பிறகு டிலக்ஷி பிறந்தாள், பிறகு சொல்ல என்ன இருக்கிறது, வீட்டுக்கு மூத்தவள் நான்தான் என்றா? போன மாதம் அவருக்கு ஐம்பது, மண்டபம் எடுத்து, இந்த நாட்டு வழக்கப்படி மேசை நிறையச் சின்னக் கொடி குத்தி... அவளுடைய ஐம்பது இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேர வேலையோடு கழிந்துபோனது.

இப்போது படிவம் அவள் மடியில். வீட்டிலேயே அவர் நிரப்பிக்கொண்டு வந்தது, மூன்று பேருக்கும் மூன்று வரிசை, அவருடைய நேரான நீலமை எழுத்து. அவளுடைய வரிசையில் வயது மட்டும் எழுதியில்லை, அவசரத்தில் விட்டிருப்பார், அல்லது... நாற்பத்தெட்டு என்று போட்டால் பூட்டு இறுகிப் பிடிக்கும். ஐம்பத்திரண்டு என்று போட்டால் டிலக்ஷி படிவத்தைப் படம் எடுப்பாள், அவள் எதையும் படம் எடுத்து வைப்பவள். இளக்கி வைக்கச் சொல்லிக் கேட்டால்? கேட்டாள், குரலைத் தாழ்த்தி. பெண்மணி தலையாட்டிவிட்டாள், மனம்போல வைக்கமுடியாது, அட்டவணைதான், அடியில் உங்கள் கையெழுத்து இருக்கிறதே. அப்படியென்றால் நிறை, நிறையைக் குறைத்து எழுதினாலும் பூட்டு இளகும்தானே, நாலு வருடத்துக்கு ஏழு கிலோ... அறுபத்துநாலை வெட்டி ஐம்பத்தேழு என்று எழுதினாள்.

"என்னப்பா, கடைக்கு வந்த இடத்திலையே ஏழு கிலோ இறங்கிட்டீரோ?" தோளுக்குப் பின்னால் கிறிஸ்துராஜா. "வீட்டுத் தராசு கூடக் காட்டுது" என்றாள். "அப்ப அந்தத் தராசு எனக்கு மட்டும் குறைச்சுக் காட்டுதாக்கும்" என்று அவர் தன் வயிற்றைத் தட்ட, டிலக்ஷி சிரித்துக்கொண்டே டெனிஸில் சொன்னாள், அங்கே மூலையில் ஒரு தராசு இருக்கிறது அம்மா, ஏறிப் பாருங்கள். கடைக்காரப் பெண்மணியும் தராசைப் பார்த்தாள். மேரிகிறேஸ் ஐம்பத்தேழை வெட்டி மறுபடியும் அறுபத்துநாலு என்று எழுதினாள். டிலக்ஷி தலைக்கவசத்தைப் போட்டுப் பார்க்கக் கண்ணாடிப் பக்கம் போனாள்.

"இஞ்சருங்கோ, வயசை ஏன் விட்டனீங்கள்?"

அவர் கையுறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "அதை நீரே எழுதும். உம்மட முழங்காலைப் பற்றி உமக்குத்தானே தெரியும்."

நீரே எழுதும்... இந்த வீட்டில் எந்தப் படிவத்தை அவள் எழுதியிருக்கிறாள், வரி, வங்கி, பள்ளிக்கூடம், கார் காப்புறுதி, எல்லாம் அவர்தான், அவளுடைய சிபிஆர் அடையாள இலக்கத்தை அவள் தடுமாறினாலும் அவர் தடுமாறமாட்டார், முதல் ஆறு எண்ணும் பிறந்த திகதிதானே, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் சப்பாத்து அளவைக்கூட இரண்டு தரம் கேட்டு எழுதிவிட்டு, தெரிந்த ஒன்றை மட்டும் விடுவாரா? அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்கு வேலையால் வந்தபோது மேசையில் மூன்றடுக்குக் கேக் இருந்தது, நாற்பத்தாறுக்கு ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்டதற்குக் கழிவு விலையில் போட்டிருந்தது என்றார், அவளும் நம்பினாள், கேக்கில் மெழுகுதிரி இருக்கவில்லை, எண்ணும் இருக்கவில்லை...

பேனையை எடுத்தாள். ஐந்து என்று எழுதினாள். மை நன்றாகவே பதிந்தது. பக்கத்தில் இன்னொரு எண் எழுதவேண்டும். அவருக்குத் தெரியும், சரி, ஆனால் எத்தனை என்று தெரியுமோ, எப்போதிருந்து தெரியும்... கையுறை ஒன்றை நீட்டி "இது உமக்குக் காணுமோ, போட்டுப் பாரும்" என்றார் கிறிஸ்துராஜா. அவள் பேனையை ஐந்துக்குப் பக்கத்திலேயே ஊன்றியபடி மற்றக் கையை நீட்டினாள்.