குரல் தின்னி

லிஃப்ட் அண்ணன் அதே பூனையை நான்காவது முறையாக மரத்தில் ஏற்றியபோதுதான் என் விதியில் ஓட்டை இருப்பது எனக்குப் புரிந்தது.

மாலை வகுப்பில் எங்களுக்குப் புள்ளியியல். ஏழு மணிக்கு ஆசிரியர் கிளம்பியதும் அதே அறையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு நான்கு பேர் விளையாட உட்காருவோம். பலகை கிடையாது, பேச்சும் பகடையும்தான். ஆளுக்கொரு கொடிய பிறவியாக மாறி, அது அடுத்து என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். விதிகளை எழுதியவள் நான், நடுவரும் நானே. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிண்ணம், அதில் ஐந்து வெள்ளைப் பொத்தான்கள். அந்தப் பிறவியிடம் மிஞ்சியிருக்கும் மனிதத்தன்மை அவ்வளவுதான். கொடுமை செய்தால் ஒன்று போகும், நல்லது செய்தால் ஒன்று வரும். கடைசிப் பொத்தானும் போய்விட்டால் அந்தப் பிறவி நடுவர் கைக்கு வந்துவிடும். ஆடியவர் எழுந்துவிட வேண்டும்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அண்ணனுடையது ரத்தம் குடிக்கும் பிறவி. ஒரு வீட்டையே காலி செய்துவிட்டு, தெருமுனை மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்கிப் பொத்தானை வாங்கிக்கொண்டார். பிறகு அந்தப் பூனையைத் தானே மேலே ஏற்றினார். இறக்கினார். ஏற்றினார்.

"அண்ணே, இது நியாயமா?"

"பூனை எப்படி மரத்துல ஏறுச்சுன்னு உன் விதில எங்கம்மா இருக்கு?"

குறடு சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்தாள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள், பட்டப்பெயர் அங்கிருந்து வந்தது. "பூனைக்கு ஒரு பொத்தான்னா யானையைக் காப்பாத்தினா முழுச் சட்டையே குடுப்பியாடி?"

மறுநாள் 'நல்லது செய்தால் ஒன்று வரும்' என்ற வரியை அடித்தேன். போன பொத்தான் போனதுதான். பசிக்கும் ஒரு விதி சேர்த்தேன். தின்னாமல் கழியும் ஒவ்வொரு சுற்றுக்கும் பசி எண் ஒன்று கூடும். பகடை அந்த எண்ணைத் தாண்டாவிட்டால் பிறவி தன்னை மீறித் தின்றுவிடும். இருநூறு முறை உருட்டிப் பார்த்து நாட்குறிப்பில் கட்டம் போட்டு எழுதினேன். எல்லாம் சரியாக வந்தது. எனக்கு எல்லாம் சரியாக வந்தால் எதையோ எண்ணாமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். நான் எண்ணாமல் விட்டது அக்காவை.

அக்கா எங்கள் வகுப்பில் இல்லை. ஒருநாள் எனக்குத் துணையாக வந்து உட்கார்ந்தவள், ஒட்டிக்கொண்டாள். அவளுக்குத் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. எட்டு மணி நேரம் யார் யாரோ கத்துவார்கள், இவள் மன்னிப்புக் கேட்பாள். வீட்டுக்கு வந்தால் தலையாட்டலோடு சரி. இங்கே அவள் தேர்ந்தெடுத்தது குரல் தின்னி. அது ஆளைக் கொல்லாது, குரலை மட்டும் தின்னும்; தின்ற குரலில் அப்புறம் அதுவே பேசும். அக்கா முப்பது குரலில் பேசினாள். போன வாரம் ஒரு மேலதிகாரியாகப் பேசியபோது லிஃப்ட் அண்ணனுக்குத் தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. "அங்க மட்டும் எப்படிடி வாயைத் தொறக்கறா?" என்று அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

பழைய விதியை நம்பி அக்கா பொத்தான்களைத் தாராளமாகச் செலவழித்திருந்தாள். இன்று அவள் கிண்ணத்தில் ஒன்றே ஒன்று. பசி ஐந்து.

கதையில் ஒரு கட்டடம் எரிந்துகொண்டிருந்தது. படிக்கட்டெல்லாம் புகை. மேலே நின்று ஒரு பெண், "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று கத்திக்கொண்டே இருக்கிறாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர் வருகிறார்கள். அவள் தோளுக்குப் பின்னால் குரல் தின்னி.

ஆறு விழுந்தால்தான் அக்கா தப்புவாள்; இல்லையென்றால் அந்தக் குரலும் போகும், கடைசிப் பொத்தானும் போகும். அதற்கு மேல் கணக்குப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. குறடு நகத்தைக் கடித்தாள். லிஃப்ட் அண்ணன் நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்திருந்தார்.

அக்கா பகடையை எடுத்தாள், குலுக்கினாள், நிறுத்தினாள்.

"ஒரு சந்தேகம். என் குரலை நானே தின்னலாமா?"

நான் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என் காது சூடாகிவிட்டது.

"விதில இல்லைன்னா செய்யலாம். பூனை வழக்குல தீர்ப்பே அதான்!" என்றார் லிஃப்ட் அண்ணன்.

"தின்னலாம்," என்றேன். "பசி தீர்ந்துடும். ஆனா இனிமே அதுக்குக் குரல் கிடையாது. நீயும் இந்த மேசைல பேசக் கூடாது."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அடிப்பாவி, சொந்த அக்காடி!" என்றாள் குறடு.

"அது கிடக்கட்டும். தன்னைத் தானே தின்னா அது கொடுமையா, நல்லதா? பொத்தான் போகுமா, இருக்குமா?" என்று லிஃப்ட் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தெரியவில்லை. இருநூறு முறை உருட்டியும் இது வரவில்லையே. "அக்கா, உருட்டிப் பாரேன். ஆறு விழலாம்," என்றேன்.

"விழலைன்னா? படில நாப்பது பேர் நிக்கறாங்கடி."

பகடையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"தின்னுட்டேன்."

அக்கா எழுந்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னலைக் காட்டினாள், தரையைக் காட்டினாள், இரண்டு கையாலும் எதையோ சுற்றினாள்.

"ஜன்னல உடைக்கறா!" என்றாள் குறடு.

"இல்ல, லிஃப்ட்டத் தொறக்கறா! நெருப்புல லிஃப்ட்ல ஏறக் கூடாதும்மா, என் தொழில் மேல சத்தியமா சொல்றேன்!"

அக்கா இல்லையென்று வேகமாகத் தலையை ஆட்டினாள். முகம் சிவந்து, கண் பளபளத்து, அதே சைகையை இன்னும் பெரிதாகச் செய்தாள். அறையைப் பூட்ட வந்த காவலாளி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கயிறு!" என்று கத்தினார். "கயிறு கட்டி ஆளுங்கள எறக்கறாங்க!"

அக்கா குதித்து அவரைப் பார்த்து விரலை நீட்டினாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். அவள் ஒரு காலைச் சுவரில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு கை மாற்றி ஒரு கையாக மெல்ல மெல்ல விட்டாள். கீழே நிஜமாகவே ஒரு ஆள் தொங்குவதுபோல் அவள் தோள்கள் நடுங்கின. லிஃப்ட் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அவளுக்குப் பின்னால் போய்க் காலை அகட்டி நின்று, அந்த இல்லாத கயிற்றைப் பிடித்தார்.