அரிசித் தொட்டிக்கு அடியில் பதினெட்டு லட்சம்

மாதம் இருபத்தைந்தாம் தேதி சம்பளம் வங்கியில் விழும். அன்று மதியமே அதை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி, உறை உறையாகப் பிரித்துவிடுவேன். அரிசிக்கு ஒன்று, காய்கறிக்கும் மீனுக்கும் ஒன்று, மின்சாரத்துக்கு, மண்ணெண்ணெய்க்கு, மகள் மிசுஹோவின் பள்ளிக்கூடத்துக்கு. ஒரு உறை காலியானால் இன்னொன்றில் கை வைக்க மாட்டேன். மீன் உறை முன்னாடியே தீர்ந்துவிட்டால் மாதக் கடைசி வரை முளைப்பயறும் தோஃபுவும்தான். என் கணவர் ஷிகேரு தட்டைப் பார்ப்பார், சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

மிஞ்சிய பணம் ஒரு பிஸ்கட் டின்னில் சேரும். சமையலறையில் அரிசித் தொட்டிக்கு அடியில் அதை வைத்திருந்தேன். அவருக்குத் தெரியாது. மிசுஹோ கைக்குழந்தையாக இருந்தபோது, அவர் வேலை பார்த்த அச்சகத்தை ஒரே வாரத்தில் மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. பால் பவுடர் வாங்க என் குளிர்காலக் கோட்டை விற்றேன். அதன்பின், கையில் காசில்லாத ஒரு நாள் மறுபடி வரக் கூடாதென்று சேர்க்கத் தொடங்கினேன். மாதம் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று பதினான்கு வருடத்தில் பதினெட்டு லட்சம் யென் சேர்ந்திருந்தது.

போன அக்டோபரில் ஒரு மதியம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. பேரிடர் வந்தால் சமாளிக்க வீடுகள் தயாராக இருக்கின்றனவா என்று நகராட்சி சார்பில் கணக்கெடுப்பதாக ஒரு பெண் சொன்னாள். இளம் குரல், அவ்வளவு மென்மை. குடிதண்ணீர் எத்தனை பாட்டில், டார்ச் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள்.

“நிலநடுக்கம் வந்தா ஏ.டி.எம். எல்லாம் நின்னுடும்மா. கைக்காசு ஒரு பத்தாயிரம், இருபதாயிரமாவது வீட்ல வெச்சிருக்கீங்களா?”

நான் சிரித்தேன். என் புத்தி கெட்டது அங்கேதான். பதினான்கு வருடமாக நான் குடும்பம் நடத்தும் விதத்தைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“அதுக்கெல்லாம் ரொம்ப மேல இருக்குங்க. பத்து லட்சம் தாண்டிடுச்சு.”

“ஐயோ, எப்படிம்மா மிச்சம் பிடிக்கிறீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்.”

உறைகளைப் பற்றிச் சொன்னேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டாள். மதிய உணவுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் நான் அரை நாள் வேலை பார்ப்பதையும், அவர் பார்சல் வண்டி ஓட்டுவதையும் சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அன்று முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது.

மூன்று நாள் கழித்து, கொடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது நகராட்சியின் ஒலிபெருக்கி பேசியது. கணக்கெடுப்பு என்று சொல்லி வீட்டில் இருக்கும் பணத்தைப் பற்றி விசாரிக்கும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லாதீர்கள். பக்கத்து ஊரில் ஒரு முதிய தம்பதியைக் கட்டிப்போட்டுக் கொள்ளையடித்திருக்கிறார்கள். அந்த முதியவரின் கையில் மூன்று எலும்பு முறிந்திருக்கிறது.

என் கையிலிருந்த துணியெல்லாம் மண்ணில் விழுந்தது.

போலீஸிடம் போயிருக்க வேண்டும். போனால் டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் ஷிகேருவுக்குத் தெரிந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு டின்னை மட்டும் இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன். சலவை இயந்திரத்துக்குள், மெத்தை அலமாரிக்குள், மறுபடி அரிசித் தொட்டிக்கு அடியில். தெருமுனையில் வெளி மாவட்ட எண்ணோடு ஒரு சாம்பல் நிறக் கார் இரண்டு நாளாக நின்றது. பணத்தோடு வங்கி வரை நடக்கவும் துணிவில்லை. காய்ச்சல் என்று தொழிற்சாலைக்குப் பொய் சொல்லிவிட்டு, கூலியை விட்டு வீட்டிலேயே காவல் இருந்தேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது. வாசல் கேமராத் திரையில் வேலையாள் உடையில் ஒருவன் தெரிந்தான். இருபது வயதுக்கு மேல் இராது. கேஸ் இணைப்பைப் பார்க்க வந்ததாகச் சொன்னான். நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

“நெகிஷியம்மா, உள்ளதான் இருக்கீங்க, தெரியும். ரெண்டே நிமிஷம்.”

எங்கள் குடும்பப் பெயர் வாசல் பலகையில் இருந்தது. என் சைக்கிளும் வாசலில் நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் திரையிலிருந்து விலகினான். வீட்டின் பக்கவாட்டில் ஜல்லிக்கல் நெரிபடும் சத்தம் மெதுவாகப் பின்பக்கம் போயிற்று. சமையலறைப் பின்கதவின் கைப்பிடி கீழே இறங்கியது, மேலே வந்தது.

டின்னைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். ஷிகேருவை அழைத்துக் கிசுகிசுத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. “போனை வெச்சுட்டு போலீஸைக் கூப்பிடு. கதவைத் தொறக்காத. நான் வரேன்.”

போலீஸுக்கு முகவரியைச் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி உடைந்தது. பிறகு சமையலறை இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம். அவசரமே இல்லை. அரிசி தரையில் கொட்டியது. டின் சத்தம் போட்டுவிடக் கூடாதென்று அதை வயிற்றோடு அழுத்திக்கொண்டேன். காலடி குளியலறைப் பக்கம் திரும்பியபோது அவன் போன் அதிர்ந்தது. “சரி” என்று மட்டும் சொன்னான். ஓடினான். கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது.

ஷிகேரு கம்பெனிச் சட்டையோடு வந்து நின்றபோது, காவலர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் பெரிய தொகை ஏதாவது வைத்திருந்தீர்களா என்று கேட்டார். ஷிகேரு எனக்காகப் பதில் சொன்னார்.

“எங்க வீட்லயா? மாசக் கடைசிய முளைப்பயறு தின்னு ஓட்டுற குடும்பம் சார் இது.”

டின் என் மடியில் இருந்தது. மூடியைத் திறந்தேன்.

காவலர்கள் போனபின் ஷிகேரு உடைந்த கண்ணாடியைப் பெருக்கி, ஜன்னலுக்கு அட்டை ஒட்டினார். பிறகு என் எதிரில் உட்கார்ந்தார்.

“போன வருஷம் பல்லுக்கு மூடி போட எண்பதாயிரம் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. நீ என்ன சொன்னே?”

“இப்ப முடியாதுன்னு சொன்னேன்.”

“நான் போய்ப் பிடுங்கிட்டு வந்தேன், இகுக்கோ.”

குரலில் கோபமே இல்லை.

“பயமா இருந்துச்சுங்க. அந்த நாலு மாசம் மறுபடி வந்துடுமோன்னு.”

“எனக்கு மட்டும் பயம் இல்லையா? சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்தே பயந்திருக்கலாம்.”

மறுநாள் அவர் விடுப்பு எடுத்தார். பணப் பையை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு வங்கிக்கு நடந்தோம். பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோதெல்லாம் அவர் பிடி இறுகியது. அவசரத்துக்கென்று ஐம்பதாயிரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் போட்டோம். அந்தப் பையனை ஒரு மாதத்தில் பிடித்தார்கள். இணையத்தில் கூலிக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் பார்த்துச் சேர்ந்தவனாம். போனில் பேசியவள் யாரென்று அவனுக்கும் தெரியாது.

அடுத்த இருபத்தைந்தாம் தேதி மாலை ஷிகேருவும் மேசையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு உறையிலும் எவ்வளவு போடுகிறேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மண்ணெண்ணெய்க்கு இவ்வளவு வேண்டுமா என்று கேட்டார், மீனுக்குக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். கடைசியில், இந்த மாதம் எவ்வளவு மிஞ்சும் என்றார். சொல்ல வாயெடுத்தேன். தெருவில் யாரோ நடந்து போனார்கள்.

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.