யூக்சிம் குடித்த சூப்

மூடுபனிக் காலம் வந்துவிட்டால் சேங் சாவ் தீவில் தெரு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. சுவரெல்லாம் வியர்க்கும். துவைத்த துணி காயாது. படகுத்துறை அருகே சைக்கிள் வாடகைக்கு விடும் யூக்சிம், அந்த வருடம் மட்டும் பனியைத் திட்டவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குக் காதல் வந்திருந்தது.

ஆள் காம்ஹோய். பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாமலே காலத்தை ஓட்டிவிட்டவர். ஒருநாள் சைக்கிள் சாவியை வாங்கும்போது அவள் விரல் அவர் கையில் பட்டது.

"என்னங்க இது, மீன் கடை ஐஸ்ல கைய வச்சிட்டு வர்றீங்களா?" என்றார்.

மறுநாள் பிளாஸ்க் நிறையச் சூப்போடு வந்து நின்றார். கை கால் சில்லிட்டுப் போகிற பெண்மணிக்கு என்று சீன மூலிகை மருந்துக்கடையில் கேட்டு, ரத்த ஓட்டத்துக்கு என்று கொடுக்கும் டாங்குவாய் வேரும் டான்சாம் வேரும் வாங்கி, கோழியோடு சேர்த்து மதியம் முழுக்கக் கொதிக்கவைத்தது. கடைக்கார அம்மாள் அவரிடம், அந்தப் பெண்மணி வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்று கேட்கத்தான் செய்தாள். சைக்கிளைக் குடை மாதிரி ஒற்றைக் கையால் தூக்குகிறவளுக்கு மாத்திரை எதற்கு என்று இவர் சிரித்துவிட்டு வந்தார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. சில வருடங்களுக்கு முன் யூக்சிமின் இதயத்தில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. நோயாளி என்று தெரிந்தால் எந்த மனிதர் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருவார்?

மாத்திரை வாங்கப் போன நகரத்து மருத்துவமனையில் நர்ஸ், புதிதாக மருந்தோ மூலிகையோ ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோதும் இல்லை என்றாள். பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. சூப் சூப்தானே, மருந்தா என்ன?

சூப் மண்வாசனையோடு இனித்தது. குடித்த பின் உடம்பு லேசாகிவிடும். கடை வாசலில் உட்கார்ந்திருந்தால், பனிக்குள் படகுகள் தண்ணீரைத் தொடாமல் போவது போலிருக்கும். தானும் நாற்காலியோடு கொஞ்சம் மிதப்பது போலிருக்கும். முழங்கையில் ஒரு நீலத் திட்டு வந்தது, தொடையில் இன்னொன்று. எங்கே இடித்துக்கொண்டோம் என்று நினைவில்லை. திராட்சை நிறத்தில் அவை அழகாகக்கூட இருந்தன. பல் துலக்கினால் நுரை இளஞ்சிவப்பாக வந்தது. படியேறினால் தலை சுற்றியது. இந்த வயதில் காதலித்தால் இப்படித்தான் கிறங்கும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

ஒரு காலை இருவரும் அலைதடுப்புச் சுவர் மேல் நடந்துகொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத படகு ஒன்று எங்கோ சங்கு ஊதியது. யூக்சிமின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கைக்குட்டை நனைந்தது, அவர் சட்டை நனைந்தது, நிற்கவில்லை. அவளை முன்பக்கம் சாய்த்து உட்காரவைத்து, மூக்கைப் பிடித்தபடி அவர் ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். ஏற்கெனவே நோய் ஏதும் உண்டா என்று அங்கே கேட்க, இல்லை என்றார். அதைக் கேட்டதும் அவளால் மறைக்க முடியவில்லை.

"என் நெஞ்சுக்குள்ள இரும்பு வால்வு இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன். உங்ககிட்ட சொல்லல."

அதை அவர் போனில் அப்படியே சொன்னார்.

"நானும் சூப்புல என்ன போட்டேன்னு உங்ககிட்ட சொல்லலியே," என்றார் காம்ஹோய். "வேர் மிச்சம் வீட்ல இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன், டாக்டர் பாக்கட்டும்."

இருவரையும் ஏற்றிக்கொண்டு மீட்புப் படகு நகரத்தை நோக்கிப் பனிக்குள் ஊர்ந்து போனது. மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தவளுக்கு மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்ணை மூடி, எஞ்சின் சத்தத்தை வைத்தே, இப்போ தீவோட முனையைத் தாண்டறோம், இப்போ கப்பல் போற பாதை என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். பயம் போய், தாலாட்டு கேட்பது போல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறையும் தன்மை அபாயகரமாகக் குறைந்திருந்தது. மாத்திரையின் வேகத்தைத் தணிக்கும் மருந்து கொடுத்து, சில நாள் படுக்கவைத்துக் கவனித்தார்கள். மருத்துவர் இளம்பெண். காம்ஹோய் மறுநாள் வீட்டிலிருந்து கொண்டுவந்த வேர்ப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள்.

"மாத்திரை ரத்தத்தை உறைய விடாது. இந்த வேருங்க அதோட வேகத்தை இன்னும் கூட்டிவிட்டிருக்கு," என்றாள். "சீன மருந்தே ஆகாதுன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாம எதுவும் வேணாம், மாத்திரை விஷயம் மருந்துக்கடைக்காரங்களுக்குத் தெரியாமயும் வேணாம். அப்புறம், பயந்துட்டு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. அது இன்னும் ஆபத்து."

ஊர் திரும்பியதும் இருவருமாக மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார்கள். கடைக்கார அம்மாள் அட்டையைப் படித்துவிட்டுக் காம்ஹோயை முறைத்தாள்.

"அன்னிக்கே கேட்டேன். குடை, சைக்கிள்னு கதை விட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் எந்த வேரையும் எடுத்துக் கொடுக்கவில்லை. இனி கேரட்டும் பன்றி எலும்பும் போட்டு வெறும் சூப்பாக வைக்கச் சொன்னாள். அதற்கு மேல் எது சேர்ப்பதானாலும் முதலில் மருத்துவமனையில் கேட்டுவிட்டுத் தன்னிடம் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் காம்ஹோயும் கூட வந்தார். நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டதுதான் தாமதம், யூக்சிமை முந்திக்கொண்டு ஆரம்பித்தார். கேரட், எலும்பு, இனி கேட்டுவிட்டுத்தான் சேர்க்க இருக்கும் இஞ்சி, ஒரு துண்டு உலர்ந்த ஆரஞ்சுத் தோல், அதுவும் சுண்டுவிரல் அளவுதான், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று ஒப்பித்தார்.

"அவங்களும் கொஞ்சம் பேசட்டுமே," என்றாள் நர்ஸ்.

யூக்சிமுக்குச் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் வந்திருந்தது. ரத்தம் எடுக்க முறை வரும்வரை இப்படியே இருக்கலாம் என்று அவர் தோளில் சாய்ந்தவள், ஆரஞ்சுத் தோலைப் பற்றி அவர் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள்.