யோசிகலா

காலையில் பால் புட்டியைக் கொதிநீரில் போட்டேன். குழந்தைக்குத் துணி மாற்றினேன். பிறகு மாமனாருக்கு ஐந்தாவது முறையாகப் போன் செய்தேன். பிரசவத்தில் இறந்துபோன என் மனைவியின் பெயரையே மகளுக்கு வைக்க நினைத்திருந்தேன். ஆனால் ‘யோசிகலா’ என்ற அவள் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா ஏதோ ராணி என்றார், சித்தி ராகம் என்றாள். பாட்டு வாத்தியார் கையை விரித்துவிட்டார்.

“ஏன் மாப்ளே உயிரை வாங்குறீங்க? அவ பொறந்தப்ப பதிவு ஆபீஸ்ல என்ன பேருன்னு கேட்டாங்க. யோசிக்கலன்னேன். காது கேக்காத கிளார்க் அதையே எழுதிட்டான்.”

“இதைச் சொல்ல மூணு மாசமா, மாமா?”

“அவகிட்டயே சொன்னதில்ல.”

போனை வைத்தேன். பிரசவ அறை வாசலில், குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவளை நச்சரித்திருந்தேன். அவள் கடைசியாகப் பேசியது அப்போதுதான்.

“இன்னும் யோசிக்கல, போடா.”