மொண்ணைக் கத்தரி

காபிச் செடியின் கிளைகளைக் கழிக்கும் கவாத்து வேலைக்கு இனி தேர்ச்சி வேண்டும் என்று எங்கள் எஸ்டேட் முடிவு செய்தது. பெங்களூரிலிருந்து சத்யராஜ் என்ற இன்ஜினியர் கருவியோடு வந்தார். கண்ணில் மாட்டினால் தோட்டம் தெரியும். கையில் தருவது அலகில்லாத ஒரு கத்தரிப் பிடி. அழுத்தினால், நிஜக் கிளை போலவே உள்ளேயிருக்கும் மோட்டார் எதிர்த்து நிற்கும். நூற்றுக்கு அறுபது மார்க்குக்குக் குறைவாக எடுத்தவர்கள் களை பறிக்கப் போக வேண்டும்.

வீராயி இருபத்திரண்டு வருடமாகக் கவாத்து செய்கிறார். முப்பத்தொன்று எடுத்தார்.

"ஏனுங்க, இந்தக் கத்தரி மொண்ணைங்க. சாணை புடிச்சுக் குடுங்க."

"அதுல அலகே இல்லம்மா," என்றார் சத்யராஜ்.

"இல்லாததயாச்சும் கூரா வெக்கக் கூடாதுங்களா?"

மேனேஜர் பிரபாகர் சிரித்தார். அவர் எடுத்தது தொண்ணூற்றாறு. அதுவரை ஒரு செடியையும் வெட்டியதில்லை.

காரணம் எனக்குத் தெரியும். நான் பி.எஸ்சி. இயற்பியல் என்பதால், கிளையை வெட்ட எவ்வளவு விசை தேவை என்று அளக்கும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். மாதிரிக்கு ஒரு கை வேண்டும் என்றதும் பிரபாகர் தன் கையை நீட்டினார். கத்தரி, ஆபீஸ் சுவரில் அழகுக்கு மாட்டியிருந்த துருப்பிடித்த கத்தரி. நான் பேசாமல் சென்சாரை ஒட்டினேன். அந்த அளவே 'பிரபாகர் மாடல்' என்ற பெயரில் கருவியில் ஏறியது.

மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். தேறியவர் பிரபாகர் ஒருவர்தான். தேறாதவர் செடியைத் தொடக்கூடாது என்பது தலைமை ஆபீஸ் உத்தரவு. நூறு ஏக்கர் அவருக்காகக் காத்திருந்தது. வீராயியின் கத்தரியை வாங்கி, கருவியில் அழுத்திய அதே பலத்தோடு அழுத்தினார். கிளையோடு தண்டும் போயிற்று. நாலாவது செடியும் அப்படிப் போனபோது வீராயி கேட்டார்:

"சார், சேர்வராயன் சாமிக்கு மொட்டை போடறதா வேண்டுதலுங்களா?"

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "சார், இவங்க கையை, இவங்க கத்தரியோடவே அளந்து பாக்கலாங்களா?"

"நொம்ப நாள் கழிச்சு வாயத் தொறந்திருக்குது கண்ணு," என்று வீராயி கையை நீட்டினார்.

அளந்தோம். சத்யராஜ் அதைக் கருவியில் ஏற்றி, 'பிரபாகர் மாடல் 2' என்று பெயர் வைத்தார். வீராயிக்கு மறுபடி பரீட்சை. தொண்ணூற்றுநான்கு.

இனி களை பறிக்கப் போக வேண்டாம். ஆனாலும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அளந்தது எங்கை. வெட்டுனதும் எங்கை. மிச்சம் ஆறு மார்க்கு எங்கீங்க போச்சு?"

"நீங்க இன்னும் கொஞ்சம் சரியா அழுத்தணும்மா."

"யாராட்டமுங்க?"

சத்யராஜ் திரையைப் பார்த்து, அதிலிருந்த பெயரைப் படித்தார்.